ஐந்து கிலோவும் இரண்டு கிடாய்களும்

கடந்த செப்டெம்பர் மூன்றாவது கிழமை, வியாழன் முதல் சனி வரை, நானும் என் கணவரும் இரண்டு ஆடுகளும் நோர்வேயின் வால்திரெஸ் மலைப்பகுதியில் இருபத்தொன்பது கிலோமீற்றர் நடந்தோம். நாலு பேரும் முழுதாகத் திரும்பி வந்தோம் என்ற பெருமையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடுவில் ஓரிடத்தில் அது நிச்சயமாக இருக்கவில்லை. ஒஸ்லோவிலிருந்து இப்படியொரு நடைக்குப் போக யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் தம்பட்டமும் அடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் சுதா, ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறவள். இருபத்திரண்டு வருடமாகிறது. குரோருட் மேட்டில் உறைபனி விழுந்த காலையிலும் பயணிகளின் கையிலிருக்கும் கோப்பி சிந்தாமல் பிரேக் பிடிப்பேன். ஒவ்வொரு இலையுதிர்காலமும் வேலைத்தலத்துப் பெண்கள் ஆறு பேருடன் மலையேறப் போவேன். பதினான்கு கிலோ பையை முதுகில் போட்டுக்கொண்டு முன்னுக்கு நடப்பவளும் நான்தான். எங்கள் தமிழ் ஆட்கள் மலை என்றால் காரில் போய், பார்க்கிங்கில் நின்று படம் எடுத்து, சோறு சாப்பிட்டுத் திரும்புகிறவர்கள் என்று யாரும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். என்னைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பேன்.

போன வருடம் முதுகெலும்பில் தட்டு விலகிச் சத்திரசிகிச்சை நடந்தது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னார். எவ்வளவு காலத்துக்கு என்று கேட்டேன். "பார்ப்போம்" என்றார். அந்த வருடம் தோழிகள் நானில்லாமல் மலைக்குப் போய் உச்சியிலிருந்து படம் அனுப்பினார்கள். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். இரண்டு நாள் பதில் போடவில்லை. அவ்வளவு எரிச்சல்.

சுகவீன விடுப்பு முடியும் நேரம் வந்தபோது எங்கள் முகாமையாளர் கூப்பிட்டார். முதலில் அரை நேரம் வந்து பார்க்கலாமே என்றார். நல்ல மனிதர், நல்ல யோசனை. எனக்கோ அது பிச்சை போட்டது போல இருந்தது. ஓட்டினால் முழு ஷிப்ட், இல்லாவிட்டால் ஓட்டமாட்டேன் என்றேன். மாத முடிவுக்குள் சொல்லுங்கள் என்றார். எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்தேன். மூன்று நாள் மலையில் நடப்பது. முதுகு தாங்கினால் முழு நேரமும் திரும்புவேன். தாங்காவிட்டால் சீருடையைத் தோய்த்து மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். இதைக் கணவரிடம் மட்டும் சொன்னேன்.

சுமை தூக்காமல் மலையில் மூன்று நாள் எப்படி நடப்பது என்று தேடியபோதுதான் ஆடுகள் கிடைத்தன. பாக்னெஸ் நகருக்கு மேலே ஒரு பண்ணையில், சுமை தூக்கப் பழக்கிய கிடாய்களை வாடகைக்கு விடுகிறார்கள். நலமடித்த, அதாவது விதை நீக்கிய கிடாய்கள், ஒவ்வொன்றும் எண்பது கிலோ அளவில். சின்ன வயதிலிருந்தே மனிதரோடு வளர்ந்தவை என்பதால் கட்டி இழுக்கத் தேவையில்லை, பின்னால் தாமாகவே வரும். இதை எங்கள் வட்சப் குழுவில் போட்டது என் பிழை. "ஆட்டோடை போறியளோ, ஆட்டைக் கொண்டு வாறியளோ?" என்று ஒருவர். "வரேக்கை ஒரு தொடை எங்களுக்கு" என்று இன்னொருவர். லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் என் மச்சாள் கறித்தூள் படமே அனுப்பினாள்.

இனி என் கணவர் குகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் ஒரு வைத்தியசாலையின் சமையலறையில் வேலை செய்கிறார். மலைக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. என்னைத் தனியே விட மனமில்லாமல் வந்தார். இவருடைய ஒரே நிபந்தனை தண்ணீர். நோர்வேக்கு வந்து இருபத்தெட்டு வருடமாகியும் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் குடிப்பார். நான் எத்தனையோ தடவை பகிடி பண்ணியிருக்கிறேன். ஆனால் ஊரில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து இருந்த காலத்தில், கண்ட தண்ணீரையும் குடித்து ஒரு கொட்டிலில் பத்து நாள் வயிற்றோட்டத்தோடு கிடந்தவர் அவர், நானல்ல. அதனால் ஓர் அளவோடு நிறுத்திக்கொள்வேன்.

"இஞ்சாரும், மலையிலை குடிக்கிறதுக்குத் தண்ணி?" என்று புறப்படுவதற்கு முதல்நாள் கேட்டார்.

"அங்கை அடிக்கொரு ஆறு ஓடுதப்பா."

"அது ஆத்துத் தண்ணியெல்லோ!"

அதற்குமேல் கதைத்துப் பயனில்லை. ஒன்றரை லீற்றர் போத்தல் ஐந்து, எல்லாம் கொதித்தாறியது, மூடியில் திகதி வேறு எழுதியிருந்தது.

வியாழன் காலை 8.10 மணிக்கு ஒஸ்லோவில் பஸ் ஏறினோம். ஒரு ஆளுக்கு 420 குரோனர். சாரதிக்குப் பக்கவாட்டில் இருந்த முன் இருக்கையில் உட்கார்ந்து மூன்று மணித்தியாலமும் பிரேக்கில் இருந்த அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுகளில் நன்றாக ஓட்டினார், தரிப்பிடங்களில் கொஞ்சம் அவசரம். இறங்கும்போது நானும் பஸ்காரிதான் என்று சொன்னேன். "அதுதானே, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உங்கள் காலும் அழுத்துவதைக் கண்ணாடியில் பார்த்தேன்" என்றார். 11.20க்குப் பாக்னெஸ். பண்ணைக்காரி ஓட்வெய்க் வண்டியோடு வந்து நின்றாள். பண்ணைக்கு இருபத்தைந்து நிமிடம்.

ஓட்வெய்க் என் வயதுக்காரி, ஐம்பதை எட்டிக்கொண்டிருப்பவள். கதை குறைவு. கோரே, நில்ஸ் என்ற இரண்டு கிடாய்களையும் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மூன்று விதிகளைச் சொன்னாள். முதலாவது, ஒவ்வொரு காலையும் சுமையைத் தராசில் நிறுக்க வேண்டும். ஆட்டின் இடப்பக்கமும் வலப்பக்கமும் இருநூறு கிராமுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது, இருந்தால் சேணம் சரியும். இரண்டாவது, முன்னுக்கு நடப்பவர் ஆறு கடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்க்கக் கூடாது. நீங்கள் சந்தேகப்பட்டால் ஆடும் சந்தேகப்படும். மூன்றாவது, சுமையோடு நிற்கும் ஆட்டை விட்டுவிட்டு எங்கும் போகக் கூடாது. கொக்கி வைத்த சின்னத் தொங்கு தராசு ஒன்றையும் தந்தாள். வேட்டைக் காலம் என்பதால் ஆடுகளுக்குச் செம்மஞ்சள் மேலங்கியும் போட்டுவிட்டாள், மான் என்று நினைத்து யாரும் சுட்டுவிடாமல் இருக்க.

சுமையை இவர்தான் ஏற்றினார். நில்ஸின் மேல் படுக்கைப் பைகளும் உடுப்பும். கோரேயின் ஒரு பக்கம் தண்ணீர்ப் போத்தல்கள், ஏழரைக் கிலோ. மறுபக்கம் அரிசி, பருப்பு, புட்டு மா, உருளைக்கிழங்கு, தகரத்தில் அடைத்த மீன் ரின்கள், அதுவும் ஏழரை. தராசில் சொல்லி வைத்தது போல ஒத்து வந்தது. போத்தல்களை ஓட்வெய்க் ஒரு மாதிரிப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. என் முதுகில் மூன்று கிலோப் பை, மழைச்சட்டையும் வரைபடமும் மாத்திரைகளும்.

மதியம் ஒரு மணிக்கு நடக்கத் தொடங்கினோம். முதல்நாள் ஒன்பது கிலோமீற்றர், பெரும்பாலும் மெல்லிய ஏற்றம். பேர்ச் மரங்கள் மஞ்சளாகி, அதற்கு மேலே தரையோடு படர்ந்த குள்ளப் பற்றைகள் முழுக்கச் சிவந்திருந்தன. பாதையோரம் துத்தபெர் என்கிற சின்னச் சிவப்புப் பழம் கொட்டிக் கிடந்தது. கோரே எனக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு வந்தது. நான் நின்றால் அதுவும் நிற்கும். நடந்தால் நடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பயணியும் என்னை இவ்வளவு நம்பியதில்லை. 5.20க்கு முதல் குடிலுக்கு வந்து சேர்ந்தோம். முன்பு கோடையில் ஆடுமாடு மேய்த்துப் பால் கறந்த மலைக்குடில்கள் இவை, இங்கே 'ஸ்தோல்' என்பார்கள். ஒரு இரவுக்கு 450 குரோனர். விறகு அடுப்பு உண்டு, மின்சாரம் இல்லை. இவர் சோறும் பருப்பும் சமைத்து, மீனில் ஒரு குழம்பும் வைத்தார். அந்தக் குழம்பைப் பற்றித் தனியாக எழுதலாம். என் முதுகு ஒரு சொல்லும் சொல்லவில்லை. பரீட்சையில் பாதி பாஸ் என்ற நினைப்போடு படுத்தேன்.

மறுநாள் காலைதான் என் தலைக்கனம் வேலை செய்தது. ஒன்பது மணிக்குப் புறப்பட வேண்டும், பன்னிரண்டு கிலோமீற்றர் இருக்கிறது. இவர் தராசை எடுத்தார்.

"விடுங்கோ, நேரமாகுது. கண்ணாலை பார்த்தாலே எனக்கு நிறை தெரியும்" என்றேன்.

"அந்த மனிசி ஒவ்வொரு காலமையும் நிறுக்கச் சொன்னதெல்லோ?"

"நான் பதினெட்டு தொன் பஸ்ஸையே ஓட்டினனான். இது ஒரு ஆடு."

தராசைச் சாப்பாட்டுப் பையின் வாரில் கொழுவிவிட்டு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்காத விஷயம் ஒன்று இருந்தது. முதல்நாள் வழியில் இரண்டு போத்தல் குடித்திருந்தோம். சோற்றுக்கும் தேநீருக்கும் மூன்றாவது போய்விட்டது. ஆக, தண்ணீர்ப் பக்கத்தில் மிஞ்சியது மூன்று கிலோ. மறுபக்கத்தில் அரிசியும் ரின்னும் ஒரு கிலோதான் குறைந்திருந்தது. வேறு யாரும் இந்தப் பிழையை விட்டிருக்க முடியாது. ஏனென்றால் ஆற்றுக்கு ஆறு குனிந்து குடிக்கும் நாட்டில் தண்ணீரை ஆட்டில் ஏற்றிக்கொண்டு மலை ஏறியவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பத்தரை மணிக்கு, நாலாவது கிலோமீற்றரில், ஓர் ஓடை. ஐந்து மீற்றர் அகலம், முழங்காலளவு ஆழம், இரவு பெய்த மழையில் பெருகியிருந்தது. கல்லுக்குக் கல் தாண்ட வேண்டும். விதிப்படி நான் திரும்பிப் பார்க்காமல் முன்னுக்குக் கடந்தேன். ஆடுகளுக்குக் கால் நனைவது பிடிக்காது, கோரே என் பின்னால் பாய்ந்து பாய்ந்து வந்தது. கடைசிப் பாய்ச்சலில் சேணம் அப்படியே உருண்டு வயிற்றுக்கு அடியில் போய்விட்டது. கோரே உதைத்துத் துள்ளியதில் இரண்டு பைகளும் கழன்று விழுந்தன. சாப்பாட்டுப் பை பாதி தண்ணீருக்குள். போத்தல் ஒன்று வெளியே வந்து, இவர் கொதிக்க வைத்து ஆற்றித் திகதி எழுதிய தண்ணீர் ஆற்றுத் தண்ணீரோடு மிதந்து போனது. (கீழே ஒரு பற்றையில் மாட்டியதைப் பிறகு எடுத்துவிட்டேன். மலையில் குப்பை போட்டாள் என்று யாரும் எழுத வேண்டாம்.)

மறுகரையில் நில்ஸ் இதையெல்லாம் பார்த்துவிட்டு முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டது. இவர் அதன் கழுத்துப் பட்டியைப் பிடித்தபடி நின்றார். விட்டால் பயத்தில் சுமையோடு பாய்ந்துவிடும். ஆக, அந்தப் பக்கம் அவரும் நில்ஸும், இந்தப் பக்கம் நானும் நடுங்குகிற கோரேயும். சேணத்தின் வார்களைக் கழற்றிக் கோரேயின் கழுத்தைச் சொறிந்து அமைதிப்படுத்தப் பத்து நிமிடம் ஆனது. காயம் ஏதும் இல்லை. அது பதினைந்து மீற்றர் மேலே சமதரைக்கு ஏறி நின்று என்னைப் பார்த்தது. அடுத்து சாப்பாட்டுப் பையை அங்கே கொண்டுபோக வேண்டும்.

பழைய சுதா என்றால் ஒரே இழுவை. இரண்டு வாரையும் பிடித்தேன், முழங்காலை மடித்தேன். மூச்சை இழுத்து அடக்கினேன்.

"தூக்காதையும்! சுதா, தூக்காதையும்!" மறுகரையிலிருந்து இவர் கத்தினார்.

"கத்தாதேங்கோ! எனக்குத் தெரியும்!"

"என்ன தெரியும்? நனைஞ்ச பை. என்ன நிறையெண்டு தெரியுமோ உமக்கு?"

பையின் வாரில் தராசு தொங்கிக்கொண்டிருந்தது, காலையில் நான் தொடமாட்டேன் என்ற அதே தராசு. கோபத்தில் அதைக் கழற்றிக் கொக்கியில் பையை மாட்டி, கரைக்கல்லில் முழங்கையை ஊன்றி மெல்ல நெம்பினேன். முள் எட்டைத் தாண்டியபோது பையின் அடி இன்னும் தண்ணீருக்குள்தான் இருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். எனக்கு அழுகை வந்தது. முழுதாகத் தூக்க முடியாவிட்டால் இங்கேயே கிடக்கட்டும், ஓட்வெய்க்கைக் கூப்பிடுவோம், வீட்டுக்குப் போவோம், சீருடையைத் தோய்ப்போம் என்று கூட நினைத்தேன். கோரே மேலே நின்று ஒரு தடவை கத்தியது. மறுகரையிலிருந்து நில்ஸ் பதிலுக்குக் கத்தியது.

பிறகு பையின் வாயைத் திறந்தேன். அரிசியை எடுத்துக்கொண்டு மேலே போய் வைத்துவிட்டு வந்தேன். பருப்பு. அடுத்த தடவை உருளைக்கிழங்கு, பாதிதான். அடுத்தது மீதிப் பாதி. மூன்று மூன்றாக ரின்கள். நல்லவேளையாகப் புட்டு மா இரண்டு பொலித்தீனுக்குள் இருந்தது. கடைசியில் வெறும் பை, சேணம், போத்தல்கள். மொத்தம் பதினொரு நடை. ஒரு நடையில்கூட மூன்று கிலோவுக்கு மேல் இல்லை. சேணத்தைக் கோரேயின் மேல் வைத்துக் கட்டி, இரண்டு பக்கமும் வெறும் பைகளைக் கொழுவி, இடப்பக்கம் ஒன்று வலப்பக்கம் ஒன்று என்று மாறி மாறி நிரப்பினேன். கோரே அசையாமல் இலை மென்றுகொண்டு நின்றது. முடித்துத் தராசில் பார்த்தேன். வித்தியாசம் நூறு கிராம். ஒன்றேகால் மணித்தியாலம் போயிருந்தது, ஆனால் முதுகு நோகவில்லை.

கரைக்கு இறங்கி வந்து, "இப்ப விடுங்கோ" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் மேலே நடந்தேன். அந்தப் பதினைந்து மீற்றரும் திரும்பிப் பார்க்காமல் நடந்ததுதான் அன்று எனக்கு மிகக் கஷ்டமான வேலை. பின்னால் மூன்று தடவை குளம்புச் சத்தம். நில்ஸ் வந்துவிட்டது. கடைசியாக இவர் வந்தார், ஒரு சப்பாத்து முழுக்கத் தண்ணீரோடு.

இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக நான் வைத்திருந்த போத்தல்களை எடுத்துப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். மூடியைத் திறந்து இரண்டையும் புல்லில் ஊற்றினார். பிறகு குனிந்து இரண்டு கையாலும் ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்.

"எப்படி?" என்றேன்.

"பல்லுக் கூசுது" என்றார். இன்னொரு தடவை அள்ளினார். எனக்கு என் பதினொரு நடையை விட அந்த ஒரு வாய்த் தண்ணீர் பெரிதாகத் தெரிந்தது.

2.10க்கு 1,210 மீற்றர் உயரத்தில் மேட்டைத் தாண்டினோம். உச்சிகளில் புதுப்பனி. அங்கே நின்று படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பினேன், இரண்டு ஆடுகளும் நடுவில். 5.45க்கு இரண்டாவது குடில். உண்மையைச் சொல்ல வேண்டும், அன்று மாலை முதுகு நொந்தது. மரத்தரையில் மல்லாந்து கால்களை ஒரு மர வாங்கின் மேல் தூக்கி வைத்து ஒரு மணித்தியாலம் கிடந்தேன். காலையில் விட்டுவிட்டது. மூன்றாம் நாள் எட்டுக் கிலோமீற்றர் இறக்கம், மூன்று மணித்தியாலம். அன்று காலை நானே தராசைப் பிடித்தேன்.

பண்ணையில் ஓட்வெய்க் ஆடுகளின் முதுகைத் தடவிப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னோம். அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "அந்தத் தண்ணீர் ஏதோ உங்கள் சமயத்துக்கானது என்று நினைத்தேன், அதனால்தான் கேட்கவில்லை." பிறகு, "அந்த ஓடையில் சுமை கவிழ்ந்தால் எல்லோரும் எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள், நான் மோட்டார் வண்டியில் போய்ப் பைகளை எடுத்து வருவேன். உங்களிடமிருந்து அழைப்பே வரவில்லையே" என்றாள். ஒஸ்லோ வரைக்கும் பஸ்ஸில் அந்த வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 600 குரோனர். ஒரு ஆடு தனியே வராது, இரண்டாகத்தான் எடுக்க வேண்டும். செப்டெம்பர் நடுப்பகுதி நல்லது, நுளம்புக் கடி இல்லை, ஆனால் எட்டு மணிக்குள் இருட்டிவிடும். இரவில் உறையும், தடித்த கம்பளி உடுப்பு வேண்டும். சாப்பாட்டை இரண்டு பக்கமும் பிரித்து வையுங்கள், ஒரே பையிலிருந்து சாப்பிட்டு முடிக்காதீர்கள். தண்ணீர் கொண்டுபோகாதீர்கள். திரும்பி வந்தபின் ஆட்டுக்கறி சாப்பிடுகிறீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சாப்பிடுகிறேன். ஆனால் இப்போது ஊரிலிருந்து வட்சப்பில் வரும் கிடாய்ப் படங்களில் கோரேயின் முகச்சாயல் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை முகாமையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். பரீட்சையில் நான் பாஸா பெயிலா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. முழுதாக நான் தூக்கவில்லை, ஆனால் ஒன்றையும் ஆற்றில் விட்டு வரவும் இல்லை. அரை நேரம் வருகிறேன் என்றேன்.

இப்போது கிழமைக்கு மூன்று நாள் காலையில் ஓட்டுகிறேன். ஓட்வெய்க்கிடம் இருந்தது போலவே ஒரு தொங்கு தராசை இவர் வாங்கி வந்து கதவடிச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். நாலு மணிக்கே எழும்பி, என் சாப்பாட்டுப் பெட்டி, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் போட்ட பையை அதில் கொழுவிப் பார்ப்பார். போத்தலில் இருப்பது குழாய்த் தண்ணீர்.

"நாலு கிலோ இருநூறு" என்பார். "போயிட்டு வாரும்."